சிவப்புப் பீங்கான்

சஹனில் சாப்பிடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது, ஐயா.

நீங்கள் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்புக்காரர். எங்கள் கல்யாண வீடுகளுக்கு வந்து போயிருப்பீர்கள். ஆனால் மரியாதைக்காக உங்களுக்குத் தனித் தட்டு வைத்திருப்பார்கள், அதனால் சஹனின் உள் விவகாரம் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. ஒரு பெரிய தாம்பாளம். அதில் சோறு குவிந்திருக்கும், மேலே இறைச்சியும் கோழியும் கறியும். ஆறு பேர் பாயில் சுற்றி உட்கார்ந்து அந்த ஒரே சோற்றில் கை வைக்க வேண்டும். சகோதரத்துவம் என்பார்கள். நல்ல விஷயம்தான், நானே பள்ளிவாசலில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் நகக்கண்ணில் பழைய குழம்பின் மஞ்சள் நிற்கும். எதிரே இருப்பவர் எலும்பை உறிஞ்சிவிட்டு, அதே விரலால் ஒரு நல்ல துண்டை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்க சேர்" என்பார். அன்பாகத்தான் தள்ளுகிறார். அந்தத் துண்டில் அவருடைய எச்சில் மினுங்கும். அதைச் சிரித்த முகத்தோடு எடுத்து வாயில் போட வேண்டும்.

பள்ளிவாசல் செயலாளர் என்ற முறையில் எனக்குத் தப்ப வழியில்லை. குறிச்சியில் ஒரு கல்யாணம், ஒரு கந்தூரி என்றால் தலைவர் மீராமுகைதீன் ஹாஜியாரின் சஹனில் எனக்கும் ஓர் இடம் உண்டு. தொடங்குமுன் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பேன். பிறகு பெருவிரலால் மற்ற விரல்களின் நுனியைத் தேய்த்துவிட்டு, ஓரத்துச் சோற்றில் கொஞ்சம் கிள்ளுவேன். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். "காலிதீன் சேர் கழுவின கையையும் கழுவிட்டுத்தான் சோத்துல வைப்பாரு" என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

இன்னொன்றும் ஊருக்குத் தெரியும். இறால் எனக்கு ஆகாது. மாப்பிள்ளையாக இந்தக் குறிச்சிக்கு வந்த அன்றே இறால் கலந்த ஏதோ ஒன்றைத் தின்று, உதடும் தொண்டையும் வீங்கி, கழுத்தில் மாலையோடு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அதன்பிறகு எந்த விருந்தானாலும் முதலில் சமையல் நடக்கும் இடத்துக்குப் போய், எதில் இறால் போட்டார்கள், எதில் கூனி அரைத்துப் போட்டார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். கூனியும் இறால்தான், காய்ந்த பொடி இறால். பொடித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. கட்டாரில் இருக்கும் என் தம்பி ஓர் ஊசி வாங்கி அனுப்பியிருந்தான். பேனாவைப் போல இருக்கும், மஞ்சள் மூடி. தொடையில் குத்தினால் அடைத்த மூச்சு திறந்துவிடும். அது எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும்.

என்னை யாரும் இழுத்துக்கொண்டு வரவில்லை, நானாகத்தான் வந்தேன். அப்ரா என்ற ஆறு வயதுப் பிள்ளை கல்யாண வீட்டில் சாப்பிட்டு மௌத்தானதை நீங்கள்தான் விசாரித்தீர்கள். உணவு ஒவ்வாமையால் நேர்ந்த மரணம் என்று முடித்தீர்கள். அது பிழையில்லை. ஆனால் ஊரில் இப்போது கதை கண்டபடி ஓடுகிறது. நான் நஞ்சு வைத்தேனாம். நஞ்சு வைக்கிற ஆளா நான்? விடுபட்ட சில விவரங்களை ஒழுங்காகச் சொல்லிவிட்டால் இந்த அசிங்கம் நிற்கும் என்று நினைத்தேன். மரண விசாரணை அதிகாரியிடம் சொல்லாமல் தேத்தண்ணிக் கடையிலா சொல்வது?

எங்கள் வழமையில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு உரியது. நான் என் மனைவி றாஹிலாவின் வீட்டுக்கு வந்தபோது அவளுடைய உம்மாவும் தங்கை ஹுஸ்னியாவும் அதே வீட்டில்தான் இருந்தார்கள். ஹுஸ்னியாவுக்கென்று வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வாப்பா காலமானதும் அது சுவரோடு நின்றுவிட்டது. அவளுக்கு அப்போது இருபத்தொரு வயது, வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பாள். என்னை மச்சான் என்று கூப்பிடுவாள், முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டாள். நான் விறாந்தையில் இருந்தால் வீட்டைச் சுற்றி வந்து குசினிக்குள் நுழைவாள். அடக்கமான பிள்ளை. அவளுடைய அடக்கத்தைப் பற்றி எனக்கு எப்போதும் நல்ல அபிப்பிராயம்தான்.

அவளுக்கு வயிற்றில் பிள்ளை என்று தெரிந்தபோது ஊர் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். தேங்காய் இரவல் கேட்டு வந்த பெண்கள் தேங்காயைப் பார்க்கவில்லை, அவள் வயிற்றைத்தான் பார்த்தார்கள். நிர்வாக சபையில் இருக்கும் கிழடுகள், பேரப்பிள்ளைகளைக் கண்டவர்கள், வாயில் வெற்றிலைச் சாற்றை அடக்கிக்கொண்டு "எங்க வெச்சாம்? எத்தின மாசமாம்?" என்று என்னிடமே கேட்டார்கள். கேட்கும்போது உதட்டோரத்தில் சாறு வழிந்தது. மனிதருக்குள் இவ்வளவு ஊத்தையா என்று எனக்கு அருவருத்துப் போனது.

பள்ளிவாசல் அறையில் விசாரணை வைத்தோம். ஹுஸ்னியா திரைக்குப் பின்னால் நின்றாள், அவளுடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஹாஜியார் இளகிய மனிதர்.

"ஆரெண்டு சொல்லு மகள். நாங்க அவனக் கூப்பிட்டு நிக்காஹ் செஞ்சி வைக்கிறம். ஒன்ன ஒண்டும் சொல்லமாட்டம்" என்றார்.

"சொல்ல ஏலா, ஹாஜியார்."

"ஏன் மகள்?"

"என்ன வேணுமெண்டாலும் எனக்குச் செய்ங்க. பேரு மட்டும் கேக்காதீங்க."

அந்தக் குடும்பத்தையே ஒதுக்க வேண்டும் என்றார்கள் சிலர். நல்லது கெட்டதுக்கு யாரும் அந்த வாசலை மிதிக்கக் கூடாதாம். நானும் அந்த வீட்டு மருமகன் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. அப்போது நான்தான் ஒரு நடுவழியைச் சொன்னேன். அவளை ஒதுக்க வேண்டாம், வீட்டையும் ஒதுக்க வேண்டாம். விருந்துகளில் மட்டும் அவள் சஹனில் கை வைக்காமல் தனிப் பீங்கானில் சாப்பிடட்டும். அந்த ஆளை எப்போது காட்டுகிறாளோ அன்றைக்கே சஹனுக்குத் திரும்பலாம். இவ்வளவுதான். ஹாஜியாரின் கண் கலங்கிவிட்டது. "உங்கட மனசு பெரிய மனசு, சேர்" என்றார். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

பீங்கானையும் நானே கல்முனைப் பசாரில் வாங்கினேன். பிளாஸ்டிக்தான், ஆனால் சாப்பிடும் தட்டு எதுவானாலும் எங்களுக்கு அது பீங்கான். பள்ளிவாசல் சஹன்கள் எல்லாம் வெள்ளை. தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும்படி வேறு நிறம் வேண்டும். கடைக்காரர் பச்சை ஒன்றைக் காட்டினார், பச்சை பொருத்தமாகப் படவில்லை. சிவப்பை எடுத்தேன். பள்ளிவாசலில் பெரிய பானைகள் வைக்கும் அறையில் ஓர் ஆணி அடித்து அதைத் தொங்கவிட்டோம். குறிச்சியில் எந்த வீட்டில் விருந்து நடந்தாலும் சஹன்களும் பானைகளும் பள்ளியிலிருந்துதான் போகும். அவற்றோடு சிவப்புப் பீங்கானும் போகும்.

அவள் சொல்லாத அந்தப் பெயர் என்னுடையது. இதற்குள் ஊகித்திருப்பீர்கள், உங்கள் தொழில் அப்படி. றாஹிலாவும் மாமியும் பிள்ளை வேண்டி வைத்தியம் பார்க்கக் கொழும்புக்குப் போயிருந்தார்கள். ஹுஸ்னியா அன்று பெரியம்மா வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். ஒரு கல்யாண உடுப்பை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்ததால் பகலில் தங்கிவிட்டாள். நான் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தேன். தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அறைக் கதவு பூட்டியிருந்தது என்று அவள் சொல்வாள். உண்மைதான், பூட்டித்தான் இருந்தது. அந்த வீட்டில் எல்லா அறைகளுக்கும் என்னிடம் மறுசாவி உண்டு. பிறகு நான் குளித்தேன், அஸர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனேன். ஒரு தொழுகையும் தவறவில்லை. அவளை மிரட்டினேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "ஒன்ட ராத்தாட வாழ்க்கை ஒன்ட வாயிலதான் இரிக்கு" என்று மட்டும் சொன்னேன். அக்காவின் வாழ்க்கையை நினைவூட்டுவது மிரட்டுவதாகாது.

தனிப் பீங்கான் என்றால் அவள் வெட்கப்பட்டு வீட்டோடு இருந்துவிடுவாள் என்றுதான் எண்ணினேன். யாராயிருந்தாலும் அப்படித்தானே செய்வார்கள்? அவள் ஒரு விருந்தையும் விடவில்லை. வயிற்றைத் தள்ளிக்கொண்டு வந்தாள், பிறகு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பெண்கள் பக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்து, சிவப்புப் பீங்கானை மடியில் வைத்து, ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டுவிட்டு, தானே கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டிலிருந்து வெளியேறி அந்த முடியாத வீட்டுக்குத் தகரம் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அங்கேயே தைத்தாள். என்னோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

கொஞ்சக் காலம் போனபின் பாத்திமுத்து அவளருகே போய் உட்கார்ந்தாள். இறந்த பெண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவள். அவளோடு ஒரே சஹனில் கை வைக்கப் பெண்களுக்கு உள்ளுக்குள் ஒரு கூச்சம், வெளியே சொல்லமாட்டார்கள். "எனக்கு இந்த நெறம் புடிக்கிது புள்ள" என்று சொல்லிக்கொண்டே அவள் சிவப்புப் பீங்கானில் கையை விட்டாளாம். அதன்பிறகு தலாக் ஆன பெண் ஒருத்தி வந்தாள். உடம்பில் வெண்புள்ளி விழுந்த ஒருத்தி வந்தாள். ஒருவருக்கென்று வாங்கிய பீங்கானில் நாலைந்து கைகள். சோறு பாயில் சிந்தும், பிள்ளைகள் அதைப் பொறுக்கித் தின்னும், சிரிப்புச் சத்தம் வேறு. அது தண்டனைக்கு வாங்கிய பாத்திரம் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

பிள்ளையை நான் வெறுத்தேன் என்று எழுதாதீர்கள். அப்ரா பிறந்ததும் றாஹிலாதான் தூக்கி வளர்த்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை, எங்கள் வைத்தியம் பலிக்கவில்லை. றாஹிலா அதை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. பிள்ளை எங்கள் வீட்டுக்குள் வந்து போகும். நான் இருக்கும் அறைக்கு வந்தால் எழுந்து வெளியே போய்விடுவேன். அவ்வளவுதான்.

ஒருநாள் றாஹிலா எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்ராக்கும் இறால் ஒத்துக்கொள்ளல்ல. வடையில ஒரு கடிதான் கடிச்ச, உதடு இப்பிடி வீங்கிட்டு. இனித் தொடவே வேணாமாம் டொக்டர்."

சொன்னவள் கரண்டியைக் கையில் பிடித்தபடி என் உதட்டைப் பார்த்தாள்.

"ஊரில ஆயிரம் பேருக்கு ஒத்துக்காது" என்றேன்.

"ஓம்" என்றாள். அடுத்த கறியை வைக்க மறந்து உள்ளே போய்விட்டாள்.

ஹாஜியாரின் மகன் றிபாத்தின் கல்யாணத்துக்கு வருவோம். பகல் விருந்து. நான் வழக்கம்போல முதலில் சமையல் கொட்டிலுக்குப் போனேன். சமையல்காரர் றமீஸ் என்னைக் கண்டதும் சிரித்தார். "சேர், இறைச்சி, கோழி எல்லாம் பயமில்லாமச் சாப்பிடுங்க. கத்தரிக்காயில மட்டும் கூனி பொடிச்சிப் போட்டிருக்கன், அந்தப் பக்கம் போகாதீங்க" என்றார். பொரித்து வினாகிரி, சீனி போட்டுக் கிளறிய கத்தரிக்காய், எங்கள் விருந்துகளில் எல்லோருக்கும் பிடித்த கறி. நான் என் சஹனுக்கு அதை வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்து ஹாஜியாருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதலில் ஆண்களுக்குப் பரிமாறுவார்கள், பெண்கள் பக்கத்துக்கு அதற்குப் பிறகுதான்.

நாங்கள் சாப்பிடத் தொடங்கியபோது அப்ரா வந்தாள். சின்னப் பிள்ளைகள் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் ஓடித் திரிவார்கள், யாரும் தடுப்பதில்லை. எனக்கும் ஹாஜியாருக்கும் நடுவில் வந்து குந்தி, எங்கள் சஹனுக்குள் கையை நீட்டினாள். ஆனால் தொடவில்லை. விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பெருவிரலால் மற்ற விரல்களின் நுனியைத் தேய்த்தாள். பிறகு ஓரத்தில் ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி எடுத்தாள்.

அந்தப் பிள்ளைக்கு யாரும் அதைக் காட்டிக் கொடுத்ததில்லை, ஐயா. நான் இருக்கும் இடத்தில் அதற்கு இருக்கவே கிடைத்ததில்லையே.

ஹாஜியார் பிள்ளையின் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். பிறகு குனிந்து சோற்றைப் பார்த்தார். "பசிக்கிதா புள்ள? உம்மாக்கிட்ட போங்க, இப்ப சாப்பாடு வரும்" என்று மெதுவாகச் சொன்னார். அந்தச் சஹனில் இருந்த மற்ற நாலு பேரும் கண்டார்களா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஒரு கிண்ணத்து நெய்யில் ஈ விழுந்ததைக் கண்ட பிறகு சாப்பிடுவது போல இருந்தது எனக்கு.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். கொட்டிலில் பெண்கள் பக்கத்துக்குப் போகும் சஹன்களைப் போட்டு முடித்து வரிசையாக வைத்திருந்தார்கள். சிவப்புப் பீங்கானும் சோறு போட்டபடி ஓரத்தில் இருந்தது. அதில் கத்தரிக்காய் போவதைக் கண்டேன், சொல்லாமல் விட்டுவிட்டேன். இதை முதல் விசாரணையில் நான் சொல்லவில்லை. இப்போது குறித்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பக்கம் சத்தம் கேட்டபோது நான் என் இடத்துக்குத் திரும்பி வந்திருந்தேன். ஹுஸ்னியா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே ஓடி வந்தாள். பாயில் வைத்திருந்த சஹன்களை மிதித்துக்கொண்டு வந்தாள், அவள் காலில் சோறு ஒட்டியிருந்தது. பிள்ளையின் முகம் முகமாக இல்லை. யாரிடமும் ஒன்றும் கேட்காமல் நேரே என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள். அத்தனை வருடத்தில் முதல்முறையாக என்னோடு கதைத்தாள்.

"ஊசியத் தாங்க மச்சான்."

"அது வீட்டில. வெச்சிட்டு வந்திட்டன்" என்றேன்.

அப்படிச் சொல்லும்போது என் வலக்கை நெஞ்சின் மேல், சட்டைப்பையின் மேல் இருந்தது. பார்த்தவர்கள் நான் கலங்கிப்போய் நெஞ்சில் கை வைத்திருக்கிறேன் என்று நினைத்தார்கள். ஒருவர் என்னைத் தாங்கிப் பிடிக்கவும் வந்தார். ஹுஸ்னியா மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்தாள். மஞ்சள் மூடி விரலிடுக்கில் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் பிள்ளையை வாங்கித் திரீவீலில் ஏற்றிவிட்டார்கள். அவளும் பின்னால் ஏறினாள். றாஹிலா அந்த வண்டியில் போகவில்லை, ஊசியை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று வெறுங்காலோடு வீட்டுக்கு ஓடினாள். அலுமாரியில் இருந்ததையெல்லாம் இழுத்துப்போட்டுத் தேடியிருக்கிறாள். பிள்ளை பாதி வழியிலேயே போய்விட்டது.

ஏன் கொடுக்கவில்லை என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. சேரிடம் ஊசி இருப்பது ஊருக்குத் தெரியும், கொடுத்திருந்தால் புகழ்ந்திருப்பார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த நேரத்தில் எனக்கு அப்படிப் படவில்லை. ஹாஜியார் அப்போதுதான் இரண்டு கைகளையும் பார்த்திருந்தார். சேரின் நோய், சேரின் ஊசி, சேரின் கை. அடுத்ததை ஊர் தானாகச் சொல்லும். ஒரு பள்ளிவாசலின் பெயர், ஒரு குடும்பத்தின் பெயர், என் மனைவியின் மானம் எல்லாம் அந்த ஒரு பையில் இருந்தன. நான் எனக்காக மட்டும் யோசிக்கிறவன் இல்லை.

பாத்திமுத்துதான் அந்தச் சின்ன மையித்தைக் குளிப்பாட்டினாள். ஜனாஸாத் தொழுகையில் நான் முன்வரிசையில் நின்றேன், செயலாளர் பின்வரிசையில் நிற்க முடியாது. கபுறில் மண் போட்டபோது ஈரமண் நகத்துக்குள் ஏறிவிட்டது. அதைச் சுரண்டி எடுக்க நெடுநேரம் ஆனது. மறுநாள் றாஹிலா கழுவுவதற்கு என் கல்யாண வீட்டுச் சட்டையை எடுத்தாள், பைக்குள் கையை விட்டாள். ஊசியை எடுத்து, ஒரு துணியால் துடைத்து, மேசையில் என் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். சட்டையை மட்டும் கழுவாமல் போட்டுவிட்டாள்.

பிள்ளைக்காக ஓதும் நாற்பதாம் நாள் கத்தம் எங்கள் வளவில்தான் நடந்தது. பள்ளியிலிருந்து சஹன்கள் வந்தன, பீங்கானும் வந்தது. ஓதி முடித்து, நான் ஹாஜியாரோடும் மற்றவர்களோடும் உட்கார்ந்தேன். சஹனை வைத்துவிட்டுப் போனார்கள். அப்போது ஹுஸ்னியா ஆண்கள் பக்கத்துக்கு வந்தாள். கையில் சிவப்புப் பீங்கான், அதில் சோறும் இறைச்சியும் அழகாகப் போட்டிருந்தாள். குனிந்து அதை என் முன்னால் வைத்தாள்.

"நீங்க இதுல சாப்பிடுங்க மச்சான்" என்றாள்.

சத்தம் போடவில்லை, அழவில்லை. விருந்தாளிக்குச் சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பெண்கள் பக்கத்துக்குப் போனாள். நடுவில் இருந்த தட்டி பாதிதான் மறைத்தது, எனக்குத் தெரிந்தது. பெண்கள் சுற்றியிருந்த ஒரு வெள்ளைச் சஹன் முன்னால் போய் நின்றாள். றாஹிலா நகர்ந்து அவளுக்கு இடம் விட்டாள். அவள் உட்கார்ந்ததும் ஓர் இறைச்சித் துண்டை எடுத்து அவள் பக்கம் வைத்தாள். ஹுஸ்னியா சஹனில் கை வைத்தாள். யாரும் தடுக்கவில்லை. நான் போட்ட விதியே அதுதான், அந்த ஆளைக் காட்டும் அன்றைக்கு அவள் சஹனுக்குத் திரும்பலாம்.

முதலில் எழுந்தவர் மீராமுகைதீன் ஹாஜியார். கையில் எடுத்த சோற்றைத் திரும்பச் சஹனில் வைத்துவிட்டு எழுந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர், அடுத்தவர். வெற்றிலைச் சாறு வழியக் கேள்வி கேட்ட அந்தக் கிழவர்கூட என்னைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அவர் என்னைப் பார்த்து! கடைசியில் ஒரு சஹனுக்கும் ஒரு பீங்கானுக்கும் முன்னால் நான் ஒருவன் மட்டும் இருந்தேன்.

அன்று பின்னேரம் என் உடுப்புகள் ஒரு பையில் கேற்றடியில் இருந்தன. வீடு றாஹிலாவுடையது, அது அவளுடைய உரிமை. நான் இப்போது பசாரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்து இருக்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. முழுதாகச் சொல்லத்தானே வந்தேன். அந்தக் கல்யாண நாளிலிருந்து என் வலக்கை விரல்களில் கூனி வாசம் போகவில்லை. எந்தச் சவர்க்காரம் போட்டாலும் போகவில்லை. அன்று விரல்கள் தடித்துச் சிவந்தும் போயின, கையைச் சட்டைப்பையின் மேல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். கத்தரிக்காய் போவதைக் கண்டேன் என்று கொஞ்சம் முந்திச் சொன்னேன். கண்டவனுக்கு விரலில் எப்படி வாசம் என்று நீங்கள் கேட்பீர்கள். ஹுஸ்னியா கவனமானவள். கத்தரிக்காயை மேலே வைத்தால் பிள்ளையைத் தொட விடமாட்டாள், கூனி இருக்கிறதா என்று கேட்டுவிடுவாள். கரண்டியால் வைத்தால் மேலேதான் கிடக்கும். ஆகவே நான் கையால் அள்ளினேன். சிவப்புப் பீங்கானின் சோற்றை விலக்கி, அடியில் பரப்பி, மேலே சோற்றைப் பழையபடி மூடி, ஓரத்தை விரலால் சரிசெய்தேன். றமீஸ் தூரத்திலிருந்து பார்த்தார், சேர் ஏதோ சரிபார்க்கிறார் என்று நினைத்திருப்பார். இன்னொருவர் சோற்றில் நானாக விரும்பிக் கை வைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தரம்தான். எனக்கு அது எவ்வளவு அருவருப்பாக இருந்தது என்பதையும் எழுதுங்கள். என் விவரப் படிவத்தில் பிள்ளைகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று முன்பு எழுதியிருக்கிறீர்கள், அதை மாற்ற வேண்டிய தேவை இப்போதும் இல்லை.

ஊசி இதோ. சான்றுக்கு வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்ததும் திருப்பித் தாருங்கள், அது இல்லாமல் வெளியே சாப்பிட எனக்குப் பயம். ஊரில் என்னோடு இப்போது யாரும் சஹனில் உட்காருவதில்லை என்று சிலர் பரிதாபப்படுவதாகக் கேள்வி. அது அவர்களுடைய அறியாமை. அந்தச் சிவப்புப் பீங்கானை நான் என்னோடு எடுத்து வந்துவிட்டேன். மூன்று நேரமும் அதில்தான் சாப்பிடுகிறேன். வேறு ஒரு கையும் அதில் படுவதில்லை. சுத்தமாக இருக்கிறது.